பியானோ பெடல் காலுக்கு ஒத்துவரவில்லையா? பெஞ்சை மாற்றுவதா, நட்டைத் திருகுவதா, டெக்னீஷியனைக் கூப்பிடுவதா?

பியானோ வாசிப்பவர்களிடம் பெடலைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் குறைகள் பெரும்பாலும் இவைதான்: முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கடுக்கிறது; பாதி அழுத்தினால் ஒன்றும் ஆவதில்லை, அடிவரை மிதிக்க வேண்டியிருக்கிறது; காலை எடுத்த பிறகும் ஒலி முழுசாக நிற்பதில்லை; குழந்தைக்குக் கால் எட்டவே இல்லை. இதற்கெல்லாம் செய்யக்கூடியவை பல. உட்காரும் உயரத்தையும் தூரத்தையும் மாற்றலாம். குதிகாலுக்கு அடியில் பலகை வைக்கலாம். நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி நட்டைத் திருகலாம். டெக்னீஷியனை வரவழைக்கலாம். பெடலை உயர்த்தித் தரும் துணைச் சாதனம் வாங்கலாம். டிஜிட்டல் பியானோ என்றால் மெனுவுக்குள் போய் ஓர் எண்ணை மாற்றினாலே வேலை முடிந்துவிடலாம்.

எதைச் செய்வது என்று முடிவெடுக்க நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை. வலது பெடலை மெல்ல அழுத்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் டேம்பர்கள், அதாவது கம்பிகளின் மேல் படிந்து ஒலியை அடக்கிவைக்கும் கம்பளி ஃபெல்ட் துண்டுகள், கம்பியைவிட்டு எழத் தொடங்கும். அந்த இடம் உங்கள் கணுக்கால் சிரமமில்லாமல் அசையும் எல்லைக்குள் வந்து விழ வேண்டும். கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கிளட்சில் முதலில் கொஞ்சம் ப்ளே, அதாவது எதுவும் பிடிக்காத வெற்றுத் தூரம், இருக்கும், அதைத் தாண்டினால் பிடிக்கும் இடம் வரும், அந்த இடத்தைச் சுற்றித்தான் கால் நுணுக்கமாக வேலை செய்யும். பியானோவிலும் அப்படித்தான். அரைப் பெடல், படபடவென்று மேலோட்டமாகத் தொட்டுத் தொட்டு எடுக்கும் பெடல், ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) முடிந்து அடுத்தது விழுந்த கையோடு மாற்றும் பெடல், எல்லாமே அந்தச் சில மில்லிமீட்டர்களுக்குள் நடக்கிற விஷயம்.

இது இன்றைக்கு நேற்று வந்த கவலையும் இல்லை. பெடல்கள் காலடிக்கு வருவதற்கு முன்பு, பல பியானோக்களில் விரலால் அழுத்தும் கட்டைகளுக்கு அடியில் முழங்காலால் தூக்கும் நெம்புகோல்தான் இருந்தது. 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே பியானோ செய்துவந்த ஸ்டைன் என்பவரின் கருவிகளில் இந்த நெம்புகோல் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருப்பதாக மோட்ஸார்ட் பாராட்டுகிறார். லேசாகத் தொட்டாலே வேலை செய்கிறது, முழங்காலைக் கொஞ்சம் விலக்கியதுமே ஒலியின் மிச்சம்கூட இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். ஒரு பெடலைச் சோதிக்க இன்றும் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. லேசாகத் தொட்டால் பிடிக்க வேண்டும், விட்டால் சுத்தமாக நிற்க வேண்டும்.

முதலில், குறை காலிலா கருவியிலா?

இதைப் பிரித்துப் பார்க்காமல் நட்டில் கை வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. பிரித்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

பெஞ்சைவிட்டு எழுந்து, பியானோவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, வலது பெடலைக் கையால் அழுத்துங்கள். பாதத்துக்குத் தெரியாத பல விஷயங்கள் விரல்களுக்குத் தெரியும். முதலில் எதிர்ப்பு அதிகம் இல்லாத ஒரு சிறு தூரம். அப்புறம் எடை கூடும் ஓர் இடம். அங்கேதான் டேம்பர்கள் எழுகின்றன. அதற்குமேல் தொடர்ந்து போய் ஒரு நிறுத்தத்தில் முட்டும். முதல் வெற்றுத் தூரம் பெடலின் நுனியில் சுமார் 3 முதல் 6 மில்லிமீட்டர் இருந்தால் பொதுவாகச் சரி. கிடைமட்டமாகப் படுத்திருக்கும் கிராண்டில் கொஞ்சம் குறைவாகவும் அப்ரைட்டில் 6 மில்லிமீட்டர் அளவிலும் வைப்பது வழக்கம். ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அளந்துவிடலாம்.

அடுத்தது காதுக்கான சோதனை. பெடலைத் தொடாமல், நடுப்பகுதியிலும் கீழ் ஸ்தாயியிலும் ஒவ்வொரு கட்டையாகக் குட்டையாகத் தட்டி விடுங்கள். ஒலி சட்டென்று அறுந்தால் டேம்பர்கள் நன்றாகப் படிகின்றன. எல்லாக் கட்டைகளிலும் மெல்லிய வால் மாதிரி ஒலி தொடர்ந்தால் ப்ளே போதவில்லை, டேம்பர்கள் முழுசாக உட்காராமல் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று கொள்ளலாம். ஏதோ ஒன்றிரண்டு கட்டைகளில் மட்டும் அப்படி இருந்தால் அது பெடல் பிரச்சினையே இல்லை, அந்தந்த டேம்பரின் பிரச்சினை. உச்ச ஸ்தாயியில் கடைசி ஒன்றரை ஸ்தாயி அளவுக்கு டேம்பர்களே கிடையாது. அங்கே ஒலி நிற்கவில்லை என்று பதற வேண்டாம்.

பிறகு பெடலை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழ் ஸ்தாயியில் ஒரு கார்டை வாசித்துக் கையை எடுங்கள். ஒலி தாராளமாக ஓட வேண்டும். மந்தமாகவோ, ஃபெல்ட் உரசும் இரைச்சலோடோ வந்தால் டேம்பர்கள் போதுமான அளவு எழவில்லை. ப்ளே அதிகமாக இருக்கிறது.

இந்தச் சோதனைகளில் கருவி தேறிவிட்டால் நட்டை மறந்துவிடுங்கள். குறை நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், வசதியாக இல்லை என்று சொல்பவர்களில் கணிசமானவர்கள் இந்த வகைதான். இதில் ஒரு நல்ல செய்தி, சரிசெய்யச் செலவே இல்லை.

பெஞ்சா, குதிகால் பலகையா

பெஞ்சின் உயரத்தைக் கையை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும், காலை வைத்து அல்ல. முழங்கை கட்டைகளின் மேற்பரப்புக்குச் சமமாகவோ சற்றே மேலாகவோ வரும்படி உட்கார்ந்ததும், அந்த உயரத்தில் கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக, அல்லது முழங்கால் பக்கம் லேசாகச் சரிந்து இருக்கலாம். குதிகால் முழங்காலுக்கு நேர்கீழே அல்லது அதற்குச் சற்று முன்னால் தரையில் பதிய வேண்டும். பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பற்றான பகுதி பெடலின் மேல் வர வேண்டும்.

பெஞ்சைப் பியானோவுக்கு மிக அருகில் போட்டால் முழங்கால் மடங்கி, குதிகால் பின்னால் போய்விடும். அப்போது பாதம் மேல்நோக்கி வளைந்தபடியே பெடலுக்கு மேல் காத்திருக்கும். அப்படித் தூக்கிப் பிடிப்பது முழங்காலுக்குக் கீழே உள்ள முன்பக்கத் தசையின் வேலை. ஒரு பாட்டு முழுக்க அதைத் தளரவிடாமல் வைத்திருந்தால் கடுக்கத்தான் செய்யும். இந்தக் கடுப்புக்குப் பெடலின் ஸ்பிரிங்கைக் குறை சொல்வார்கள். பெஞ்சை நாலு விரற்கடை பின்னால் தள்ளி, அதன் முன்பாதியில் உட்கார்ந்து பாருங்கள். பல சமயம் அதோடு தீர்ந்துவிடும். தூரம் அதிகமானால் எதிர்மாறு: கால் நீண்டு, குதிகால் தரையில் நிற்காமல் வழுக்கும், முழுக் காலையும் இடுப்பிலிருந்து தூக்கித் தூக்கி மிதிக்க நேரிடும். பெடல் அறைகிற சத்தம் பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. பாதம் பெடலைவிட்டு எழாமலே இருந்தால் அந்தச் சத்தமே வராது.

உயரமானவர்களுக்குத் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. தொடை கட்டைப்பலகையின் அடிப்பாகத்தில் இடிக்கும். பெஞ்சைத் தாழ்த்தினால் கை கெடும், ஏற்றினால் இன்னும் இடிக்கும். இவர்கள் பெஞ்சைப் பின்தள்ளி, முழங்காலைச் சற்று விரித்த கோணத்தில் வைப்பதுதான் முதல் வழி. பியானோவையே அடியில் மரத்துண்டு வைத்து உயர்த்தலாமே என்று தோன்றும். அப்ரைட் ஒன்று 200 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், எடையில் பெரும்பகுதி முதுகுப்பக்கம் இருக்கிறது, சாய்ந்தால் தாங்க ஆள் கிடையாது. அதை வீட்டார் சேர்ந்து தூக்கிச் செய்யும் வேலையாக எடுக்கவே கூடாது.

சரி, தூரமும் உயரமும் சரியாகிவிட்டன, ஆனால் பாதம் இன்னும் மேல்நோக்கியே வளைந்திருக்கிறது என்றால்? அங்கேதான் குதிகால் பலகை வருகிறது. பியானோவின் சக்கரங்களுக்கு அடியில் கிண்ணம் வைத்திருந்தாலோ, கிராண்டை உருட்டு வண்டியின் மேல் நிறுத்தியிருந்தாலோ, பெடல்களும் அந்த அளவுக்கு மேலே போயிருக்கும். தரை மட்டும் அதே இடத்தில் இருக்கும். குதிகால் பதியும் இடத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தடிமனான தட்டைப் பலகை, அடியில் வழுக்காத ரப்பர், அவ்வளவுதான். மடித்த துணியும் மெத்தென்ற மிதியடியும் வேண்டாம். அவை அமுங்கும், குதிகால் அமுங்கினால் பிடிக்கும் இடம் ஒவ்வொரு தடவையும் நகரும். செருப்பு, ஷூ விஷயமும் இதே கணக்குதான். இரண்டு சென்டிமீட்டர் குதி உள்ள ஷூ இரண்டு சென்டிமீட்டர் பலகைக்குச் சமம். வெறுங்காலோடு பழகிவிட்டு மேடையில் மட்டும் ஷூ போடுகிறவர்கள், அதே ஷூவோடு சில நாட்களாவது பழக வேண்டும். உள்ளங்கால் மெல்லியதாக இருக்கும் ஷூ நல்லது. வழவழப்பான சாக்ஸ் பித்தளைப் பெடலில் வழுக்கும்.

பெஞ்சையும் பலகையையும் ஒப்பிட்டால் பெஞ்சுக்கே முதலிடம். அது உடம்பு முழுவதையும் சரிசெய்கிறது, பலகை கணுக்காலை மட்டும்.

அப்ரைட்டில் நட்டைத் திருகுவது

சோதனையில் ப்ளே அதிகம் அல்லது குறைவு என்று தெரிந்தால், அப்ரைட் பியானோவில் இதை நீங்களே செய்ய முடியும். பியானோவின் உள்வேலைகளில் பயமில்லாமல் கைவைக்கக்கூடிய மிகச் சிலவற்றில் இது ஒன்று என்பதால், ஆர்வமுள்ளவர்களுக்கு நான் தைரியமாகப் பரிந்துரைப்பேன்.

முழங்காலுக்கு எதிரே இருக்கும் பெரிய கீழ்ப்பலகையின் மேல் விளிம்பில், கட்டைப்பலகைக்கு அடியில், ஒரு தட்டையான ஸ்பிரிங் கிளிப் இருக்கும், சிலவற்றில் இரண்டு. அதை மேல்நோக்கி அழுத்தினால் பலகை உங்கள் பக்கம் சாயும். தூக்கி ஓரமாக வைத்துவிடுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் அடித்தளத்தில் மூன்று பெடல்களின் பின்பகுதி தெரியும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மர நெம்புகோல் பக்கவாட்டில் போகும். அதன் மறுமுனையில் ஒரு உருண்டைக் கழி நேராக மேலே ஏறி இயந்திரப் பகுதிக்குள் மறையும். வலது பெடலை ஒரு கையால் அழுத்திப் பாருங்கள். நெம்புகோல் அசைந்து கழியை மேலே தள்ளும், மேலே டேம்பர்கள் எல்லாம் சேர்ந்து எழும் மெல்லிய மூச்சு மாதிரி ஒலி கேட்கும். பெடலும் நெம்புகோலும் சேரும் இடத்தில் மரை போட்ட கம்பியும் நட்டும் இருக்கும். அது பெரும்பாலும் கையாலேயே திருகக்கூடிய, இரண்டு இறக்கை வைத்த நட். நட்டுக்கும் மரத்துக்கும் நடுவே தோல் அல்லது ஃபெல்ட் வாஷர்.

எந்தப் பக்கம் திருகினால் ப்ளே குறையும் என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். அதனால் ஒரு சாக்பீஸால் நட்டின் இப்போதைய நிலையைக் குறித்துக்கொண்டு, அரைச் சுற்று மட்டும் திருகி, பெடலைக் கையால் அழுத்தி, ஸ்கேலில் மறுபடி அளந்து பாருங்கள். தப்பான பக்கம் போயிருந்தால் திரும்பி வந்துவிடலாம். 6 மில்லிமீட்டர் அருகில் வந்ததும் நிறுத்தி, கட்டைகளைக் குட்டையாகத் தட்டும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

இங்கே ஒரு ஆசையை அடக்க வேண்டும். ப்ளேயைச் சுத்தமாக எடுத்துவிட்டால் பெடல் தொட்டதும் பிடிக்கும், முதல் அரை மணி நேரம் அற்புதமாக இருக்கும். ஆனால் மரமும் ஃபெல்ட்டும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஊதும், சுருங்கும். இன்று வைத்த பூஜ்யம் வேறொரு நாள் பூஜ்யத்துக்குக் கீழே போகும். டேம்பர்கள் கம்பியில் முழு எடையோடு படியாது, வாசிப்பது எல்லாம் மெலிதாகக் கலங்கியே கேட்கும். காது அதற்குப் பழகிவிட்டால் சரியான பெடல் எப்படி ஒலிக்கும் என்பதே மறந்துவிடும் என்பதுதான் எனக்கு இதில் பெரிய கவலை. அந்தச் சில மில்லிமீட்டர் வெற்றுத் தூரம் கருவிக்கு வேண்டிய இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே பியானோவை வீட்டில் இரண்டு மூன்று பேர் வாசிப்பார்கள். அப்பாவுக்கு ஒரு மாதிரி, மகளுக்கு ஒரு மாதிரி என்று நட்டை மாற்றிக்கொண்டிருக்க முடியாது, மாற்றவும் கூடாது. நட்டைக் கருவியின் கணக்குப்படி வைத்துவிட வேண்டும். ஆளுக்கு ஆள் மாறுவது எல்லாம் பெஞ்சிலும் பலகையிலும் நடக்கட்டும்.

இடது பெடலுக்கும் இதே மாதிரி நட் உண்டு, ஆனால் அதன் வேலை வேறு. அப்ரைட்டில் அந்தப் பெடல், ஹேமர்கள், அதாவது கம்பியை அடிக்கும் சுத்தியல்கள், ஓய்வாகச் சாய்ந்திருக்கும் நீளச் சட்டத்தையே கம்பிகளை நோக்கித் தள்ளுகிறது. சாதாரணமாகக் கம்பிக்கு சுமார் 45 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் ஹேமர்கள் ஏறக்குறைய பாதித் தூரத்துக்கு வந்துவிடுவதால் அடி மெதுவாக விழுகிறது. இந்த நட்டை அதிகம் இறுக்கினால், பெடலைத் தொடாதபோதும் சட்டம் முன்னால் தள்ளியே நிற்கும். கட்டையை அழுத்தினால் முதலில் வெறுமையாக இறங்கி அப்புறம்தான் ஹேமர் நகரும். திடீரென்று எல்லாக் கட்டைகளும் தொளதொளவென்று ஆகிவிட்டதாகத் தோன்றினால் இந்த நட்டைச் சந்தேகியுங்கள். நடுப்பெடல் பல அப்ரைட்களில் ஹேமருக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய ஃபெல்ட் திரையை இறக்கும் பயிற்சிப் பெடல். அழுத்தி இடதுபக்கம் நகர்த்தினால் பூட்டிக்கொள்ளும். திரை தொங்கி ஹேமரில் படாதவரை அதைத் தொட வேண்டியதில்லை.

கிறீச் சத்தத்துக்கு ஒரு வார்த்தை. பலகை திறந்திருக்கும்போதே பெடலை அசைத்து, சத்தம் எந்த இடத்தில் என்று காதை வைத்துக் கண்டுபிடியுங்கள். உலோகமும் தோலும் உரசும் இடம், ஸ்பிரிங்கின் நுனி மரத்தில் படும் இடம், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். பென்சில் கரியான கிராஃபைட் தூளைக் கொஞ்சம் தடவினால் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய் ஸ்பிரே அடிக்க வேண்டாம். அது ஃபெல்ட்டிலும் மரத்திலும் ஊறி, ஒரு சத்தத்தை நிறுத்தப் போய் பல பாகங்களைக் கெடுக்கும்.

கிராண்டில் நீங்கள் செய்வதும் செய்யக்கூடாததும்

கிராண்ட் பியானோவில் பெடல்கள் கீழே தொங்கும் ஒரு சட்டத்தில் இருக்கின்றன. யாழ் வடிவத்தில் இருப்பதால் அதை லயர் என்பார்கள். அதற்குப் பின்னால் சாய்வாக ஒன்றிரண்டு தாங்கு கம்பிகள் பியானோவின் அடிவயிற்றுக்குப் போகும். நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். பெடலை மிதிக்கும்போது லயர் பின்னோக்கி ஆடுகிறதா? தாங்கு கம்பி ஏதேனும் கழன்றோ காணாமலோ போயிருக்கிறதா? வீடு மாற்றும்போது இந்தக் கம்பிகள் தொலைவது சகஜம். லயர் ஆடினால், நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு சட்டத்தைத் தள்ளுவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி உணர்த்தும், பிடிக்கும் இடம் தள்ளித் தள்ளிப் போகும். ப்ளே அதிகம் என்று நினைத்து நட்டைத் தேடுவோம். உண்மையில் தேவை அந்தக் கம்பியைத் திரும்பப் பொருத்துவதுதான். அது இல்லாமல் தொடர்ந்து வாசித்தால் லயரின் இணைப்பே விட்டுப்போகலாம்.

பெடல் கம்பியில் உள்ள நட்டைக் கிராண்டிலும் திருக முடியும். அதைப் பூட்டிப் பிடிக்க இன்னொரு நட்டும் இருக்கலாம். ஆனால் இங்கே நான் டெக்னீஷியன் பக்கம் நிற்கிறேன். கிராண்டில் டேம்பரைக் கட்டையும் தூக்கும், பெடலும் தூக்கும். இரண்டின் நேரமும், டேம்பர்கள் அதிகபட்சம் எழும் உயரத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பும், எல்லா டேம்பரும் ஒரே கணத்தில் எழுகின்றனவா என்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மேல்மூடியைத் திறந்து வைத்து, பெடலை மிக மெதுவாக அழுத்தி, டேம்பர் வரிசையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். ஒரே கோடாக எழுந்தால் நல்லது. கீழ் ஸ்தாயி முந்திக்கொண்டு நடுப்பகுதி பின்தங்கினால், அரைப் பெடல் போடும்போது ஒரு பகுதி ஓடும், இன்னொரு பகுதி அறுபடும். நட்டை எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது, டேம்பர்களைத் தனித்தனியாகச் சீர்படுத்த வேண்டும்.

இடது பெடல் கிராண்டில் கட்டை வரிசையையும் ஹேமர்களையும் மொத்தமாக வலப்பக்கம் சில மில்லிமீட்டர் நகர்த்துகிறது. மூன்று கம்பிகளை அடிக்க வேண்டிய ஹேமர் இரண்டை மட்டும் அடிக்கும். இந்த யோசனை பியானோ அளவுக்கே பழையது. பியானோவைக் கண்டுபிடித்த கிறிஸ்டோஃபொரியின் கருவிகளில் இன்று எஞ்சியிருக்கும் 1722, 1726 ஆண்டுப் பியானோக்களிலேயே கையால் நகர்த்தும் ஏற்பாடாக இருக்கிறது. நகரும் தூரத்தை ஒரு திருகு நிறுத்துகிறது. அது அளவு மீறினால் ஹேமர் பக்கத்து ஸ்வரத்தின் கம்பியைத் தொடும், குறைந்தால் மூன்று கம்பியும் ஒலித்துக்கொண்டே இருக்கும். இடது பெடலை மிதித்தால் வேறேதோ ஸ்வரம் மெல்லக் கேட்கிறது என்றால் இதுதான். டெக்னீஷியனிடம் இப்படியே சொன்னால் அவருக்கு உடனே புரியும்.

நடுப்பெடல், அழுத்தும் நேரத்தில் கையில் பிடித்திருக்கும் ஸ்வரங்களின் டேம்பர்களை மட்டும் எழுந்த நிலையிலேயே நிறுத்திவைப்பது. 1844இல் பாரிஸில் பியானோ தயாரிப்பாளரான புவாஸ்லோ காட்டியதும், 1874இல் ஸ்டெயின்வே காப்புரிமை பெற்றதும் இதைத்தான். இதன் சீரமைப்பு மிக நுட்பமானது, முழுக்க டெக்னீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

பெடல் கனமாக இருக்கிறது என்பதும் டெக்னீஷியனுக்கான புகார்தான். ஸ்பிரிங்கைக் கழற்றியோ வளைத்தோ பார்க்க வேண்டாம். உராய்வா, ஸ்பிரிங்கா, டேம்பர் நெம்புகோல்களின் எடையா என்று அவர் பிரித்துப் பார்ப்பார். ட்யூனிங்குக்கு வரும் நாளில் இதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது வசதி. வருவதற்கு முன் மேலே சொன்ன சோதனைகளின் முடிவை ஒரு தாளில் குறித்து வையுங்கள். "பெடல் சரியில்லை" என்பதைவிட "ப்ளே 12 மில்லிமீட்டர், கீழ் ஸ்தாயி முந்தி எழுகிறது" என்பது அவருடைய நேரத்தில் பாதியை மிச்சப்படுத்தும்.

கால் எட்டாத குழந்தைக்கு

பெஞ்சின் நுனிக்கு வழுக்கி வந்து, ஒரு காலை நீட்டி விரல் நுனியால் பெடலைத் தொடும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலையில் முதுகு, தோள், கை மூன்றும் கெடுகின்றன. பெடல் இல்லாமல் வாசிப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

முதல் தெரிவு, பெடலே இல்லாத சாதாரணக் கால்மணை. இரு பாதங்களும் முழுசாகப் பதிந்தால் குழந்தையின் இடுப்பு நிலைபெறும். ஆரம்பப் பாடங்களில் பெடல் தேவைப்படுவதே அரிது என்பதால், இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். உயரம் மாற்றக்கூடியதாக இருந்தால் பல ஆண்டுகள் ஓடும்.

பெடல் வேண்டிய பாடங்கள் வந்த பிறகும் கால் எட்டவில்லை என்றால் இரண்டு வகை சாதனங்கள் இருக்கின்றன. ஒன்று, பியானோவின் பெடல் மேலேயே கவ்வி, அதற்கு மேல் உயரமான இன்னொரு பெடலைத் தருவது. இலகுவானது, மாட்டிக் கழற்றுவது சுலபம். ஆனால் அதன் சொந்த எடையே பெடலைக் கொஞ்சம் கீழே அழுத்தலாம். ப்ளே குறைவாக வைத்த பியானோவில் டேம்பர்கள் அதனாலேயே எழுந்து நிற்கக்கூடும். மாட்டியதும் குட்டைத் தட்டுச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். மற்றொன்று, மணை மாதிரி தனியாக நிற்கும் மேடை. அதிலேயே பெடல்கள் இருக்கும், அவை தண்டு வழியாகப் பியானோவின் பெடலை அழுத்தும். கனம் அதிகம், இடம் அடைக்கும், ஆனால் பெடல் போடாத காலுக்கும் தாங்கல் கிடைக்கிறது, குதிகாலுக்குத் திடமான தரை கிடைக்கிறது. இரண்டில் நான் மேடையைத்தான் தேர்ந்தெடுப்பேன். வாங்கும்போது தண்டின் நீளத்தை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். தண்டின் நுனி பியானோ பெடலை அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் சாதனத்தின் ப்ளேயும் பியானோவின் ப்ளேயும் கூடிக்கொண்டு, குழந்தையின் சின்னப் பாதத்தின் அசைவு முழுவதும் வெறுமையிலேயே செலவாகிவிடும்.

சாதனம் தற்காலிகமானது. அதற்காகப் பியானோவின் நட்டை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டாம்.

டிஜிட்டல் பியானோவில்

இங்கே டேம்பரும் இல்லை, கழியும் இல்லை. பெடல் அனுப்புவது ஒரு மின் சமிக்ஞை. அதனால் தெரிவுகளும் வேறு.

கருவியோடு சேர்த்துத் தரும் சின்னச் சதுர மிதி சுவிட்ச், உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை தெரிந்தது. பாட்டு வாசிக்கும்போது நகர்ந்து நகர்ந்து சுவருக்கே போய்விடும். பியானோ பெடல் வடிவத்தில் தனியாகக் கிடைப்பது, அரைப் பெடலையும் உணரும் வகை என்றால் பெரிய முன்னேற்றம். ஆனால் உங்கள் கருவி அந்த வகைச் சமிக்ஞையை ஏற்கிறதா என்று கையேட்டில் பார்த்த பிறகு வாங்குங்கள். இவற்றில் சிலவற்றுக்குக் குதிகால் அடியில் விரியும் ரப்பர் தகடு இருக்கும். உங்கள் சொந்த எடையே பெடலை நகராமல் பிடித்துக்கொள்ளும், நல்ல ஏற்பாடு. மூன்றாவது, ஸ்டாண்டோடு திருகிப் பொருத்தும் மூன்று பெடல் பெட்டி. பின்னாளில் அசல் பியானோவுக்குப் போகப்போகிறவர்களுக்கு இதுவே சிறந்தது. பெடல்களின் இடமும் உயரமும் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதால் காலுக்கு நல்ல பழக்கம் விழும்.

அந்தப் பெட்டியின் அடியில் ஒரு உருண்டைத் திருகு இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. அதைக் கீழே சுழற்றித் தரையில் உறுதியாகப் பதியும்வரை இறக்க வேண்டும். விட்டுவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பெட்டி வளைந்து கொடுக்கும், பெடல் தொளதொளப்பாகத் தோன்றும், நாளடைவில் இணைப்புகளும் தளரும். கருவியை நகர்த்தும்போது அதை மறுபடி மேலே ஏற்றிவிட்டு நகர்த்துங்கள்.

மிதித்தால் ஒலி அறுந்து, விட்டால் ஓடுகிறதா? பெடலைத் தொடாமல் கருவியை அணைத்துப் போடுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் பெடலின் அடியில் துருவம் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல மாடல்களில், எந்த ஆழத்தில் ஒலி பிடிக்கத் தொடங்க வேண்டும் என்பதை மெனுவில் மாற்றலாம். அசல் பியானோவில் நட்டைத் திருகிச் செய்வதன் டிஜிட்டல் வடிவம் இது. வீட்டில் டிஜிட்டலும் வகுப்பில் அசல் பியானோவுமாக வாசிக்கிறவர்கள், அந்தப் பியானோவின் பெடலைக் கையால் அழுத்தி ப்ளேயைத் தெரிந்துகொண்டு வந்து, இந்த எண்ணை அதற்கு நெருக்கமாக வைக்கலாம். இரண்டுக்கும் பெடல் உயரம் வேறாக இருந்தால் பெடல் உயரமாக இருக்கும் இடத்தில் குதிகாலுக்கு ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம்.

பழக்கமில்லாத பியானோவில் போய் உட்கார்கிறவர்களுக்கு, அங்கே நட்டைத் தொடும் வாய்ப்பு இல்லை. பெஞ்சைச் சரிசெய்து, குதிகாலைப் பதித்து, வாசிக்கத் தொடங்கும் முன் பெடலை இரண்டு மூன்று முறை மிக மெதுவாக அழுத்தி விடுங்கள். எந்த ஆழத்தில் டேம்பர்கள் எழுகின்றன என்று காதும் காலும் குறித்துக்கொள்ளும். பிறகு ஒரு கார்டை வாசித்து, கையை எடுத்துவிட்டு, பெடலை மட்டும் மெல்ல மேலே விட்டு, எங்கே ஒலி நிற்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். ப்ளே அதிகமான பியானோவாக இருந்தால், விடும்போது முழுசாக மேலே வராமல் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலேயே காலை நிறுத்திக்கொள்ளலாம். ப்ளே இல்லாத பியானோ என்றால் ஒவ்வொரு மாற்றத்திலும் பாதத்தை முழுசாக மேலே வரவிட வேண்டும்.